கல்யாண கேசட்டின் ஓரத்தில் எங்கள் ஊர்: பரணில் கிடக்கும் வீடியோக்களை என்ன செய்யலாம்?

கவுண்டன்யா கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவில் ஒரு நெசவாளர் ஊர் எங்களுடையது. போன வாரம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியில் 11 வீடியோ கேசட் கிடைத்தது. "யாருக்கு வேணும் இதெல்லாம், பழைய பிளாஸ்டிக் வாங்க வர்றவனுக்குப் போட்டுடு" என்றார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. நண்பர் வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கிற டெக் ஒன்று ஓடுகிற நிலையில் இருந்தது. கேட்டு வாங்கி வந்து, சித்தப்பா கல்யாண கேசட்டைப் போட்டேன்.

மாப்பிள்ளை கார் எங்கள் தெருவுக்குள் திரும்புகிறது. தெரு நெடுக ஒரு பாவு, அதாவது தறியில் ஏற்றுவதற்கான நீள நூல், நீட்டிக் கட்டியிருக்கிறது. கஞ்சி போட்ட ஈரப் பாவு. இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷ் போட்டுக்கொண்டே நகர்கிறார்கள். பாதியில் விட்டால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும், அத்தனை உழைப்பும் போச்சு. அதனால் காரை முனையிலேயே நிறுத்திவிட்டு, சித்தப்பா மாலையும் கழுத்துமாக இறங்கிப் பாவின் ஓரமாகவே நடந்து வருகிறார். யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அது அவ்வளவு சாதாரணம் போல.

கேமரா அப்படியே திரும்பும்போது எங்கள் பழைய வீட்டுத் திண்ணை வருகிறது. எங்கள் ஆயா (பாட்டி) முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்தபடி என்னவோ சொல்கிறார். வாய் அசைவது தெரிகிறது. ஆனால் கேட்பது ஒரு சினிமாப் பாட்டு. கேசட் முழுக்கப் பாட்டுதான். ஆயா போய் 19 வருடம் ஆகிறது. அவர் குரல் எங்கள் வீட்டில் வேறு எதிலும் பதிவாகவில்லை.

இன்று எங்கள் தெருவில் பாவு விரிப்பவர் யாரும் இல்லை. குடியாத்தம் லுங்கி என்று ஊர் ஊராகப் பேர் போனது எப்படி உருவானது என்று என் பிள்ளைக்குக் காட்ட, எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இருக்கிற ஒரே படம் அந்தப் பத்து நொடிதான். அதை எடுத்தவர் பாவை எடுக்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் எடுத்தார்.

இந்த மாதிரி கேசட் எங்கள் ஊரில் மட்டும் ஐம்பது வீட்டிலாவது இருக்கும். வீட்டு வீடியோ என்றாலும் எனக்கென்னவோ இது ஊர்ச் சொத்தாகத் தெரிகிறது. எப்படிக் காப்பாற்றுவது? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சன்கன்

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1988-லிருந்து 18 வருடம் வேலூர், காட்பாடி, பள்ளிகொண்டா பக்கம் வீடியோ எடுத்தவன் நான். உங்கள் சித்தப்பா கல்யாணத்தை எடுத்தது நானாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் எடுத்த விதம் அத்தனையும் எனக்குத் தெரியும்.

தோளில் வைக்கிற பெரிய கேமரா. பின்னால் ஒரு பையன் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒயரை இழுத்தபடி வருவான். வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிவிடுவார்: "தெருவையெல்லாம் எடுத்து கேசட்டை வீணாக்காதப்பா, சொந்தக்காரங்க ஒருத்தரும் விட்டுப் போகக் கூடாது." ஒரு கேசட் 3 மணி நேரம். அதற்குள் பெண் அழைப்பு, முகூர்த்தம், மொய், பந்தி எல்லாம் அடங்க வேண்டும். பந்தியில் ஒவ்வொரு முகமாகக் காட்டியே தீர வேண்டும். விட்டுப்போன பெரியப்பா மூன்று வருடம் பேச மாட்டார்.

அப்படியிருந்தும் ஊர் எப்படி உள்ளே வந்தது என்றால், இடம் மாறும்போதெல்லாம் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறதா என்று, பார்க்க வேண்டும். யாராவது வெள்ளை வேட்டி கட்டி நின்றால் அவர் மேல் வைத்துச் சரிசெய்வோம். சரியாக வந்ததா என்று பார்க்க, சும்மா தெருப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி ஓடவிடுவோம். காத்திருக்கும் நேரத்தில் கிணறு, கோயில், மாட்டு வண்டி என்று கை தானாகப் போகும். இப்போது நீங்கள் தேடுவதெல்லாம் நாங்கள் வேலை செய்யாத நேரத்தில் எடுத்தது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் ஒரு ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. மதியம் பாரதம் படிப்பது, ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசி நாள் காலை துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. விழாக் கமிட்டி சொல்லி 4 கேசட் எடுத்தேன். மரக்கட்டை அணிகலன் கட்டிய வேஷக்காரர்கள் ஒப்பனை போடுவதிலிருந்து எடுத்திருந்தேன். அந்தக் கூத்து வாத்தியார் முகவீணை ஊதுபவரைப் பார்த்துத் தலையை ஒரு வெட்டு வெட்டுவார், அடவு அப்படியே மாறும். வெட்டி ஒட்டி ஒரே கேசட்டாகக் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டு, முதலில் எடுத்த, வெட்டாத நான்கு ரா கேசட்டையும் அடுத்த முகூர்த்தத்துக்கு மேலேயே அழித்து எடுத்துவிட்டேன். எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் பழக்கம், புது கேசட் வாங்கக் கட்டுப்படியாகாது. அந்த வாத்தியார் இன்று இல்லை. கமிட்டியிடம் கொடுத்த கேசட்டும் எங்கே என்று தெரியவில்லை. அது என் நெஞ்சில் கிடக்கிறது.

பாட்டைப் பற்றி: பணம் உள்ள கல்யாணத்துக்கு மிக்சிங் போடுவோம். ரா கேசட்டிலிருந்து வேறு கேசட்டுக்கு மாற்றி, பூ விரிவது, இதயம் சுழல்வது எல்லாம் சேர்த்து, மேலே பாட்டு. சின்ன பட்ஜெட் கல்யாணத்துக்கு அதெல்லாம் கிடையாது. எடுத்த கேசட்டிலேயே ஆடியோ டப் பட்டனை அழுத்திப் பாட்டை ஏற்றிக் கொடுத்துவிடுவோம். உங்களுடையதில் பூ, இதயம் ஏதாவது வருகிறதா?

---

கவுண்டன்யா கரை

இல்லை ஐயா. ஒன்றும் வரவில்லை. வெறும் படமும் பாட்டும்தான். சித்தப்பா கல்யாணம் கடன் வாங்கிச் செய்தது.

---

ஹெட் கிளீனர்

சன்கன் அண்ணன் கேட்ட கேள்வியில் விஷயம் இருக்கிறது. காட்பாடியில் டிவி, டெக் ரிப்பேர் செய்து வந்தவன், இப்போது கேசட்டை ஃபைலாக மாற்றித் தருகிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வி.எச்.எஸ். கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் பதிவாகலாம். ஒன்று, நாடாவின் ஓரத்தில் ஓடும் சாதா டிராக். எல்லா டெக்கும் அதைப் படிக்கும். இன்னொன்று ஹை-ஃபை. படத்தோடு சேர்த்து, சுற்றும் ஹெட்டாலேயே படத்துக்கு அடியில் பதிவாவது. 1980-களின் நடுவில் வந்தது. ஆடியோ டப் பட்டன் ஓரத்து டிராக்கை மட்டும்தான் அழித்து எழுதும். ஹை-ஃபையை அதனால் தொட முடியாது, தொட்டால் படமும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே ஹை-ஃபை உள்ள கேமராவில் எடுத்து, அதே கேசட்டில் பாட்டை டப் செய்திருந்தால், பாட்டுக்கு அடியில் அன்றைய சத்தம் அப்படியே இருக்கும். சாதா டெக்கில் போட்டால் எத்தனை முறை போட்டாலும் பாட்டுதான் கேட்கும். ஹை-ஃபை டெக்கில் போட வேண்டும். மிக்சிங் போட்டு நகல் எடுத்த கேசட்டில் இதற்கு வழியில்லை. காசு செலவழித்து மிக்சிங் போட்ட வீடுகளில் குரல் போயிருக்கும். உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன், கேமரா எதுவென்று தெரியாது. ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். என்னிடம் ஹை-ஃபை டெக் ஒன்று இருக்கிறது.

மற்றவர்களுக்கும் சேர்த்து: கேசட் கிடைத்த சந்தோஷத்தில் உடனே டெக்கில் போடாதீர்கள். முதலில் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்த மாதிரி இருந்தால் ஃபங்கஸ். அதைப் போட்டால் ஹெட் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும். பின்பக்கம் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் ரெக்கார்ட் ஆகாது. கேசட்டைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். தகரக் கொட்டகையும் சிமென்ட் கூரைக்கு அடியில் உள்ள பரணும் நம் அக்னி நட்சத்திர வெயிலுக்கு அடுப்பு மாதிரி.

மாற்றிய பிறகு வாட்ஸப்பில் அனுப்பிய சின்ன ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது செய்யக் கூடாது. DV என்ற ஃபைல் வடிவத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. ஆகும், ஆகட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீடு. உலகத்தில் கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஹெட் தேய்ந்தால் இன்னொரு பழைய டெக்கைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். காந்த நாடாவில் உள்ளதை 2025-க்குள் மாற்றிவிடுங்கள், அப்புறம் ஓட்ட மெஷின் கிடைப்பது கடினம் என்று யுனெஸ்கோ 2019-லேயே எச்சரித்தது. அந்தக் கெடுவும் முடிந்தது.

---

பாலாறு 21

2021 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அப்பா அம்மா கல்யாண கேசட் நனைந்து, சேறு காய்ந்து அப்படியே இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

---

ஹெட் கிளீனர்

போட்டுப் பார்த்துவிடாதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். கூட்டைத் திறந்து, சுருளை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் காயவிட்டு, வேறு கூட்டுக்கு மாற்றி ஒரே ஒரு முறை ஓட்டிப் பதிவு செய்ய வேண்டும். சேறு காய்ந்து நாளானதால் முழுசாக வராது, துண்டு துண்டாகக் கிடைக்கலாம். தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

---

ஒடுகத்தூர் பொண்ணு

எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஊர்ச் சொத்து என்ற பேச்சில் ஒன்றை நிதானமாக யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருக்கிற கேசட்டில் பாதி மஞ்சள் நீராட்டு விழா. என் அக்காவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. அப்போது எனக்கு 13 வயது. என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவதை, லைட் அடித்து, ஊரே நின்று பார்க்க எடுத்தார்கள். நான் தலையைத் தூக்கவே இல்லை. இன்று எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். "நம்ம ஊர் பழைய நினைவுகள்" என்று யாராவது அதை யூடியூபில் போட்டால் நான் எங்கே போய்ச் சொல்வேன்?

அதே கேசட்டில் எனக்குப் பிடித்த ஒரு இடமும் இருக்கிறது. எனக்கு ஊற்றுவதற்கான தண்ணீரை எடுக்க, பெரியம்மா பள்ளிகொண்டா பக்கம் ஆற்றுக்குப் போய், மணலில் கையாலேயே ஊற்று தோண்டுகிறார். ஒரு முழம் தோண்டியதும் தண்ணீர் சுரக்கிறது. முதலில் கலங்கல், இறைத்து ஊற்றியபின் தெளிவு. சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். மணல் போன பிறகு, தோல் கழிவு வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாலாறு என்றால் கருவேலமும் குட்டையும்தான். அந்த இரண்டு நிமிடத்தை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். என்னை உட்கார வைத்த நாற்காலியைக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே கேசட் யாருடையது என்று கேட்டால் போதாது. அதில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, அவர் சரி சொன்னாரா என்று கேட்க வேண்டும். கல்யாணத்திலும் அப்படித்தான். பிரிந்து போனவர்கள் இருக்கிறார்கள், இறந்துபோன மருமகள்கள் இருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெண்களிடம் தனியாகக் காட்டுங்கள்.

---

கவுண்டன்யா கரை

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. முதல் விதியாக எழுதிக்கொண்டேன்.

---

மேளக்காரன் பேரன்

படிக்கப் படிக்க நன்றாக இருக்கிறது. கோபமில்லாமல் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் தாத்தா பறை அடித்தவர். சுற்று வட்டாரத்தில் பத்து ஊர்த் திருவிழாவுக்கு அவர்தான். நீங்கள் சொல்கிற கேசட்களில் அவர் இருப்பார். ஊர்வலத்தின் முன்னால், படத்தின் ஓரத்தில், பாதி உடம்போடு. கேமரா அவரைத் தாண்டிச் சாமிக்குப் போய்விடும். எங்கள் தெருவுக்குள் சாமியும் வந்ததில்லை, கேமராவும் வந்ததில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு போட்டோவே பெரிய செலவு. அதனால் கேசட்டை மட்டும் சேர்த்து ஊர் வரலாறு என்று வைத்தால், ஊரில் பாதி இருக்காது.

எங்கள் தெருவுக்குள் படம் எடுக்கிற கருவி வந்தது கையில் போன் வந்த பிறகுதான். 2008, 2009 வாக்கில் நோக்கியா போனில் எடுத்த 3GP வகை வீடியோ கிளிப். கட்டை விரல் அளவு படம், சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். அம்பேத்கர் ஜெயந்தி ஊர்வலம், எருது விடும் விழா, என் அத்தை நடவில் பாடியது, தாத்தா கடைசியாகப் பறையை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்த்தது எல்லாம் அதில்தான். 1 ஜி.பி., 2 ஜி.பி. மெமரி கார்டில் கிடக்கின்றன. கேசட்டாவது 30 வருடம் தாங்கியிருக்கிறது. இந்தக் கார்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் போகின்றன. போன மாதம் ஒன்று போனது, இன்னமும் கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை.

தயவு செய்து உங்கள் பட்டியலில் மெமரி கார்டையும் சேருங்கள். படத்தின் ஓரத்தில் பறை அடிப்பவர் யார் என்று பேர் எழுதுங்கள். "மேளக்காரர்" என்று எழுதி விடாதீர்கள். கேட்டால் நாங்கள் சொல்வோம்.

---

ராணுவப்பேட்டை

கம்மவான்பேட்டைக்காரன். எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம். பெரியப்பா வெளியூரில் வேலையில் இருந்தபோது ஒரு சூப்பர் 8 கேமரா வாங்கி வந்தார். ஒரு சுருள் 50 அடி, ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. அவ்வளவுதான் ஒரு விடுமுறைக்கு. அதனால் அளந்து அளந்து எடுத்திருக்கிறார்: ஏர், நெல் தூற்றல், சாணி தெளித்த வாசல், வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் ரயிலில் இருந்து இறங்கும் அவர் நண்பர்கள். திறந்தால் இப்போது காடி வாடை அடிக்கிறது. விசாரித்ததில் படச்சுருளே அழுகத் தொடங்கியதன் அடையாளம் என்றார்கள். அப்படிப்பட்டதை புரொஜக்டரில் ஓட்டக் கூடாது, மற்றச் சுருளோடு வைக்கவும் கூடாது. சுருங்கிப்போய்ப் பல்லில் கிழிந்துவிடும். ஒவ்வொரு கட்டமாக ஸ்கேன் செய்கிற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் அனுப்பப் போகிறேன்.

ஒரு செய்தி. வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்தியாவில் எடுத்த வீட்டுப் படங்களை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தெற்காசிய ஆய்வு மையம் சேர்த்து, இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தோட்டம், குதிரை, ஆயாம்மா கையில் குழந்தை. அந்த ஆயாம்மாவின் பேர் தெரியாது. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் 1986-ல் தொடங்கிய நார்த்ஈஸ்ட் ஹிஸ்டாரிக் ஃபிலிம் என்ற அமைப்பு, பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் இருந்துகொண்டு, அந்தப் பக்கத்து விவசாயிகளும் மீனவர்களும் எடுத்த வீட்டுப் படங்களைக் காக்கிறது. உருளைக்கிழங்கு அறுவடையை ஒரு குடும்பம் எடுத்தால் அதை மாநில வரலாறாக வைக்கிறார்கள். நம் நெல் தூற்றலுக்கு அந்த மரியாதையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

---

கவுண்டன்யா கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கேசட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காட்பாடி போனேன். ஹெட் கிளீனர் அண்ணன் முதலில் முழு நாடாவையும் முன்னும் பின்னும் ஒரு முறை ஓட்டி, ஹெட்டைத் துடைத்து, அப்புறம்தான் பிளே போட்டார். ஹை-ஃபை விளக்கு இரண்டு தடவை மினுக்கிவிட்டு அணையாமல் நின்றது. பாட்டு இல்லை. மேளம், நாதஸ்வரம், பின்னால் யாரோ யாரையோ கூப்பிடுவது, ஒரு குழந்தை அழுவது. பாவு வரும் இடத்தில் பிரஷ் நூலில் இழுபடும் சத்தம் கூடக் கேட்டது, சர்சர்ரென்று.

திண்ணைக்கு வந்ததும் ஆயா: "ஏய், பாவுல மண்ணு படப்போவுது, அந்தாண்ட நவுந்து நில்லுங்கடா."

கல்யாணத்துக்கு வந்தவர்களைத்தான் சொல்கிறார். அவ்வளவுதான். அம்மாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன். "இன்னொரு தடவ போடு" என்றார். அப்புறம் இன்னொரு தடவை.

மற்ற கேசட்டில் ஒன்று கோயில் விழா. லேபிள் இல்லை. திரையில் 1.1.90 என்று வருகிறது, ஆனால் அது கேமராவின் கடிகார பேட்டரி போனதால் வருவது என்று அண்ணன் சொன்னார். தேதியைக் கண்டுபிடிக்கப் படத்துக்குள்ளேயே தேடினோம். பின்னால் ஒரு பஸ் போகிறது, பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பேர் 1997-ல் எடுக்கப்பட்டது. ஒரு போர்டில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தபோது வந்த பேர் அது, 1996-ல் வேலூர் மாவட்டம் ஆனது. ஆக, நடுவில் ஏழு வருடத்துக்குள். மிச்சத்தை, யார் கையில் எந்தக் குழந்தை என்று பார்த்து அத்தை சொல்லிவிட்டார்: 1993.

ஊரில் பேசிவிட்டேன். பொங்கல் கழிந்த ஞாயிறு, பள்ளிக்கூட மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டப் போகிறோம். கோயில் வாசலில் வைக்கலாம் என்றார்கள். எல்லாத் தெருக்காரரும் வந்து உட்காரும் இடமாக இருக்கட்டும் என்று மைதானத்துக்கு மாற்றச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். ஒடுகத்தூர் அக்கா சொன்னபடி, அதற்கு முந்தின வாரம் பெண்கள் மட்டும் எங்கள் வீட்டில் பார்த்து, எதைக் காட்டலாம் எதைக் கூடாது என்று முடிவு செய்வார்கள். சடங்கு கேசட் மூன்றும் தனியாகப் பூட்டி வைத்தாயிற்று. காட்டும்போது பேர் சொல்பவர்கள் சொல்வதை ஒரு பையன் நோட்டில் எழுதுவான், இன்னொருத்தன் போனில் குரலைப் பதிவு செய்வான்.

மேளக்காரன் பேரன் அண்ணே, 1993 விழாவில் அம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் நான்கு பேர் பறை அடிக்கிறார்கள். கேமரா ஓரிடத்தில் ஏனோ அவர்கள் மேலேயே ஏறக்குறைய ஒரு நிமிடம் நிற்கிறது. இடது பக்கம் இருப்பவர் காதில் பூ வைத்திருக்கிறார். படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

---

மேளக்காரன் பேரன்

பார்த்தேன். தாத்தா இல்லை. ஆனால் காதில் பூ வைத்தவர் தாத்தாவோடு அடிக்கிற மாமா. மற்ற மூன்று பேரையும் எங்கள் அம்மாவுக்குத் தெரியும், பேர் எழுதி அனுப்புகிறேன். பொங்கல் கழிந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மெமரி கார்டு ஆறு இருக்கிறது, கொண்டு வரலாமா?

---

ஹெட் கிளீனர்

கொண்டு வாங்க தம்பி. கம்ப்யூட்டர் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் யாரும் ஓகே கொடுத்துவிடாதீர்கள். அப்படியே கொண்டு வாங்க.

---

சன்கன்

நானும் வருகிறேன். வீட்டில் அலமாரிக்குப் பின்னால் லேபிள் இல்லாத கேசட் ஒன்பது கிடைத்தது. மேலே கல்யாணம்தான் இருக்கும். கடைசியில் மிச்சமான நாடாவில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. நான்கில் ஃபங்கஸ் இருக்கிறது. அதைத் தனிப் பையில் போட்டு எடுத்து வருகிறேன்.